நாய் படுக்கும் இடமும் தெள்ளின் பருவமும்

"நாயைக் கலைச்சு விடு பிள்ளை, தெள்ளும் போயிடும்."

மீள்குடியேறிய கிராமங்களில் வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போது இந்த அறிவுரையைப் பல வளவுகளில் கேட்டிருக்கிறேன். சொல்பவர் அயலவராக இருப்பார், அல்லது மாமியாராக இருப்பார். கேட்டுக்கொண்டு நிற்பவள் பெரும்பாலும் தனியே நின்று பிள்ளைகளை வளர்க்கும் பெண். அவளுக்கு நாய் என்பது வெறும் செல்லப் பிராணியல்ல. வேலி அரைகுறை, கதவு தகரம், வீட்டில் ஆண் துணை இல்லை. இரவில் படலையடியில் யாரோ நிற்பதை முதலில் அறிவிப்பது அந்த நாய்தான். அதைக் கலைத்துவிட்டு அவளால் நிம்மதியாக நித்திரை கொள்ள முடியாது. கலைக்காவிட்டால், பிள்ளையின் காலில் சொறிந்த புண்ணைப் பார்த்து "துப்புரவில்லாத வீடு" என்று ஊர் சொல்கிறது. கணவனை இழந்தவள், காணாமற்போனவரின் மனைவி என்று ஏற்கனவே ஆயிரம் கதை கேட்டவளுக்கு இதுவும் ஒரு கதை.

ஆனால் அந்த அறிவுரை உண்மையில் பிழையானது. நாயைக் கலைத்தால் தெள்ளு போகாது. நாய்க்குப் பதிலாக உங்களைக் கடிக்கத் தொடங்கும். ஏன் என்று விளங்க வேண்டுமானால் தெள்ளு எங்கே வாழ்கிறது, எந்தக் காலநிலையில் பெருகுகிறது என்பதைக் கொஞ்சம் அறிய வேண்டும்.

முதலில் தெள்ளையும் உண்ணியையும் பிரித்துப் பார்ப்போம். உண்ணி காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருத்துக் கிடக்கும். தெள்ளு சிறியது, கபில நிறம், இரு பக்கமும் தட்டையானது, பாயும். மயிருக்குள் ஓடி ஒளிவதால் ஒன்றைக்கூடக் காணாமல் விடலாம். அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. நாயின் வாலடியிலும் முதுகின் பின்புறத்திலும் பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் போடுங்கள். சிவப்புக் கபிலமாகக் கரைந்து பரவினால் அது மண்ணல்ல. தெள்ளின் எச்சம், அதாவது நாயின் இரத்தம்.

எங்கள் நாய்களில் காணப்படுபவை பெரும்பாலும், பூனைத் தெள்ளு என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட இனமும் அதற்கு நெருங்கிய உறவான ஓர் ஆசிய இனமும்தான். நாயின் மேல் நாம் காணும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் சிறு பங்கு, ஏறக்குறைய நூற்றுக்கு 5 என்று கணிக்கிறார்கள். மிச்சமெல்லாம் நிலத்தில் கிடக்கிறது. இரத்தம் குடித்த பெண் தெள்ளு ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நல்ல நிலைமையில் நாளொன்றுக்கு 40, 50 வரை இடும். அந்த முட்டைகளில் பசை இல்லை. நாய் எழுந்து உதறும்போது உப்புத் தூள்போலக் கொட்டுகின்றன. நாய் அதிக நேரம் எங்கே படுக்கிறதோ அங்கேதான் அதிகம் கொட்டும். முட்டையிலிருந்து வருவது காலில்லாத சிறு புழு. அது யாரையும் கடிப்பதில்லை. மேலிருந்து உதிரும் காய்ந்த இரத்த எச்சத்தைத் தின்று, வெளிச்சத்துக்குப் பயந்து, மண் வெடிப்புக்குள்ளும் பாய்க்கு அடியிலும் போய் ஒளிந்து வளரும். பிறகு நூல் பின்னி, மேலே மண் துகளை ஒட்டிக்கொண்டு, கூட்டுப்புழுவாகக் கிடக்கும். வாய்ப்பான காலத்தில் இந்தச் சுற்று மூன்று நான்கு கிழமைகளில் முடிந்துவிடும்.

இங்கேதான் காலநிலை வருகிறது. முட்டையும் புழுவும் மிகவும் மெல்லிய உயிர்கள். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 50இலும் குறைந்தால் புழு காய்ந்து சாகும். வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினாலும் சாகும். 20 முதல் 30 பாகை வரையான சூடும் 70க்கு மேற்பட்ட ஈரப்பதனும் அவற்றுக்கு மிக உகந்தவை. மாரி காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை எப்படி இருக்குமோ, அப்படி.

அப்படியானால் வன்னிக் கோடையில், மத்தியானம் மணல் காலைச் சுடும்போது, தெள்ளு அடியோடு அழிந்துவிட வேண்டுமே? அழிவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காரணம் நாய் வெயிலில் படுப்பதில்லை. கிணற்றடியில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம், வாழைக்கு அடி, தண்ணீர்ப் பானை வைத்த மூலை, விறகுக் குவியலுக்குப் பின்புறம் என்று குளிர்ச்சியான இடமாகப் பார்த்து, மண்ணைக் கிண்டிக் குழியாக்கிப் படுக்கிறது. தனக்காகக் குளிர்ச்சி தேடும் நாய், தெள்ளுப் புழுவுக்கும் சேர்த்தே இடம் தேடிக் கொடுக்கிறது. வானிலை அறிக்கை சொல்லும் காலநிலை ஒன்று. அந்த ஒரு முழக் குழிக்குள் இருக்கும் காலநிலை வேறு.

இதை எனக்குப் புத்தகத்தைவிடத் தெளிவாகக் காட்டியது மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம. 2024 ஆவணியில், எமது சேமிப்புக் குழுப் பெண்கள் சிலரோடு ஒரு பரிமாற்றப் பயணமாக அங்கே போயிருந்தேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புர வழியாக இறங்குகிற பாதை. எங்கள் குழுவில் இரண்டு பேரின் பெற்றோர் மாத்தளைத் தோட்டங்களிலிருந்து 1977க்கும் 1983க்கும் பிறகு வவுனியாப் பக்கம் வந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பாதை முழுக்கக் கதையாக இருந்தது.

ரத்தோட்டைப் பக்கம் மலை ஈரமாக இருந்தது. வழிநெடுகப் பாசி, பனிப்புகார், லயத்துச் சுவர்களில் ஈரக் கறை. கணவாயைத் தாண்டியதும் காற்று எங்களைத் தள்ளியது. பிட்டவல பத்தனப் புல்வெளி கடந்து கீழே இறங்க இறங்க மண் காய்ந்து, புல் மஞ்சளாகி, ஏதோ எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பி வந்ததுபோல இருந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றை மறிக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, கிழக்குச் சரிவில் அதே காற்று வரண்டு வீசுகிறது. பல்லேகமவுக்கு மழை முக்கியமாக ஐப்பசி முதல் மாசி வரை. அதாவது எங்களுடைய மாரி, எங்களுடைய கோடை. நாங்கள் சோளகம் என்று சொல்லும் காற்றுத்தான் அந்த மலையைத் தாண்டி அங்கேயும் வீசுகிறது.

அங்குள்ள பெண்களுக்கும் இடம்பெயர்வு புதிதல்ல. மொரகஹகந்த - களுகங்கைத் திட்டத்தில் பழைய பல்லேகமக் கடைத்தெரு களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது; மக்கள் புதிய இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். போருக்கும் அணைக்கட்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இருந்தாலும் விட்டுவிட்டு வந்த கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எங்கள் பெண்களுக்கு மொழிபெயர்ப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

தெள்ளுப் பேச்சு தற்செயலாகத்தான் வந்தது. ஆட்டுக் கொட்டில் ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில் எங்கள் அக்கா ஒருவர் கணுக்காலைச் சொறிய, வீட்டுக்காரப் பெண் சிரித்துக்கொண்டே "மெக்கோ" என்றார். சிங்களத்தில் தெள்ளுகளுக்கு அதுதான் பெயர். எங்களோடு வந்து மொழிபெயர்த்த ரத்தோட்டைத் தோட்டத்துத் தங்கச்சி உடனே, "எங்க லயத்துல இது வருசம் பூரா இருக்கு மிஸ். இவங்களுக்கு மழைக்குத்தானாம் கூடுது" என்றார். வீட்டுக்காரப் பெண் எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காற்றுக்காலத்தில் முற்றத்தில் தெள்ளே இருக்காதாம், கொட்டிலின் பின்பக்கத்து நிழலிலும் தண்ணீர்த் தொட்டி ஒழுகும் இடத்திலும் மட்டும்தான் இருக்குமாம். அங்கேதான் அவருடைய நாயும் சுருண்டு படுத்திருந்தது. "இப்ப கூட்டினாத்தான் சரி, மழை வந்தா வளவு முழுக்கப் போயிடும்" என்று அவர் சொன்னதை அந்தத் தங்கச்சி தமிழாக்கினார்.

அந்தப் பெண் எந்தக் கருத்தரங்குக்கும் போனவரல்ல. ஆனால் ஆய்வாளர்கள் ஈரப்பதன் கணக்கில் சொல்வதைத்தான் அவர் வேறு சொற்களில் சொன்னார். வரட்சி தெள்ளை அழிப்பதில்லை. அதன் இடத்தைச் சுருக்கிவிடுகிறது. வளவு முழுவதும் பரவியிருந்தது, கோடை முடியும்போது இரண்டு மூன்று ஈர நிழல்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதைப் பிடிக்க வேண்டிய காலம் அதுதான். நாங்களோ மார்கழியில் பிள்ளை சொறியத் தொடங்கிய பிறகுதான் மருந்து தேடி ஓடுகிறோம்.

இனி, நாயைக் கலைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன். கூட்டுக்குள் முழு வளர்ச்சியடைந்த தெள்ளு உடனே வெளியே வருவதில்லை. உடற்சூடு, மூச்சுக்காற்று, காலடி அதிர்வு, மேலே விழும் பாரம் இவற்றில் ஏதாவது உணரப்படும் வரை அது காத்திருக்கும். சில கிழமைகள், சில வேளை பல மாதங்கள். நாய் இருக்கும் வரை வெளிவரும் தெள்ளு நாயில் ஏறிக்கொள்ளும். நாய் போய்விட்டால் கூடுகள் அப்படியே கிடக்கும், வெளிவருபவை அந்த இடத்தால் நடந்து போகிறவரின் காலைப் பிடிக்கும். கலைத்து இரண்டு கிழமைக்குப் பிறகு "நாய் போயும் கடி கூடிட்டுது" என்று பெண்கள் சொல்வது இதனால்தான்.

முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு இதே அனுபவம் இன்னொரு விதமாக நேர்ந்தது. மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்படும் வரை மக்கள் கட்டங்கட்டமாக ஊர் திரும்பினார்கள். கதவு நிலையில்லாத வீட்டுக்குள் காலை வைத்ததும் முழங்கால் வரை தெள்ளு ஏறியதைப் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். செத்த வீட்டின் குறி, யாரோ செய்த வினை என்றெல்லாம் நம்பிப் பயந்தவர்களும் உண்டு. அவை மூன்று நான்கு வருடம் காத்திருந்த தெள்ளுகள் அல்ல. ஆளில்லாத வீட்டின் நிழலில் தெருநாயும் பூனையும் மரநாயும் நரியும் படுத்திருக்கின்றன. அவை விட்டுப்போன கூடுகள், வீட்டுக்காரியின் காலடி கேட்டதும் திறந்துகொண்டன, அவ்வளவுதான். அந்த வீட்டில் யாருடைய சாபமும் இருக்கவில்லை.

கடியால் வருவது பெரும்பாலும் சொறிதான். ஆனால் சொறிந்த இடம் பழுத்துப் புண்ணாகும், பிள்ளைகள் நித்திரை கொள்ளாமல் படிப்பில் பின்வாங்குவார்கள். நாய்க்கு ஒரு வகை நாடாப்புழுவைத் தெள்ளு கொண்டுவருகிறது. தற்செயலாகத் தெள்ளை விழுங்கிவிடும் குழந்தைக்கும் அது வரலாம். மலத்தில் சோற்றுப் பருக்கை போல அசையும் துண்டுகளைக் கண்டால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், மருந்து சுலபம். இன்னொன்றும் உண்டு. எலித் தெள்ளால் பரவும் ஒரு தைபசுக் காய்ச்சல் இலங்கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பேசப்படும் பற்றைத் தைபசு வேறு, அது தெள்ளால் அல்ல, பற்றையில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணியின் குஞ்சால் வருவது. இரண்டுக்கும் குறித்த மருந்து உண்டு, ஆனால் டொக்டர் அதை நினைக்க வேண்டும். ஆகவே விடாத காய்ச்சலோடு போகும்போது வீட்டில் எலி, நாய் இருப்பதையும், காட்டுக்கு விறகுக்குப் போனதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தெள்ளையும் பருவத்தையும் பற்றிப் பேசும்போது பிளேக் நோயைத் தவிர்க்க முடியாது. கொழும்புக்கு அது 1914இல் வந்தது. அதைப் பரப்பியது எலித் தெள்ளு. வட இந்தியாவில் ஒவ்வொரு வருடமும் கடுங்கோடை பிறந்ததும் பிளேக் தணிந்ததை அக்கால மருத்துவர்கள் கவனித்தார்கள். சூடான வரண்ட காற்றில் தெள்ளு நீண்ட நாள் வாழ்வதில்லை. தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரோடு பிளேக்கும் கொலராவும் வந்துவிடும் என்று பயந்து, அவர்களைத் தடுத்துவைத்துச் சோதிக்கப் பிரித்தானியர் மண்டபத்தில் முகாம் அமைத்தார்கள். 1983க்குப் பிறகு எங்களில் பலர் போய் இறங்கிய அதே மண்டபம் முகாம்தான். மாத்தளையிலிருந்து வந்த எங்கள் அக்காவின் பூட்டியும் அதன் வழியாக வந்தவராம். அவருடைய தங்கை 1990இல் அகதியாக அங்கே இருந்திருக்கிறார்.

சரி, என்ன செய்வது? நாய் இருக்கட்டும், அதன் படுக்கையை மாற்றுங்கள். வீட்டுக்கு வெளியே, காலை வெயில் விழும் இடத்தில், நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்தி ஒரு பலகை போட்டு, மேலே சாக்கு விரியுங்கள். இரண்டு சாக்கு இருந்தால் நல்லது. கிழமைக்கு ஒரு தடவை ஒன்றைக் கொதிநீரில் அவித்து, கொடும் வெயிலில் காயவிட்டு, மற்றதை விரிக்கலாம். நாய் பழைய குழிக்கே போகப் பார்க்கும். அந்தக் குழியைக் கிண்டி, மண்ணை வெயிலில் பரப்பி, முள்ளுக் கொப்பு போட்டு அடையுங்கள். கிணற்றடித் தண்ணீர் தேங்காமல் வாய்க்காலை வெட்டி விடுங்கள். மண் நிலமானால் வெடிப்புகளைக் களியும் சாணமும் குழைத்து அடைத்து மெழுகுங்கள், புழு ஒளிய இடமிருக்காது. மூலை, கட்டிலடி, பாய்க்கு அடி எல்லாம் கூட்டி, அந்தக் குப்பையை வேலியோரம் கொட்டாமல் எரித்துவிடுங்கள். பாயும் தலையணையும் வெயிலுக்குப் போகட்டும்.

நாயைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, நுரையோடு சில நிமிடம் வைத்திருந்து, பேன் சீப்பால் வாருங்கள். சீப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கினால் தெள்ளு தாண்டு போகும். கையால் நசுக்க வேண்டாம். இரவில் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் வைத்து மேலே மின்குமிழை எரியவிட்டால், வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பாய்ந்து தெள்ளு அதற்குள் விழும். இதனால் முற்றாக ஒழியாது. ஆனால் எந்த அறையில் கூட இருக்கிறது என்று தெரியும், குறைந்து வருகிறதா என்றும் தெரியும்.

ஒரு நாள் செய்துவிட்டு விட்டால் பயனில்லை. கூட்டுக்குள் இருப்பதை எந்தத் தண்ணீரும் மருந்தும் எளிதில் தொடாது; அவை வெளிவர வெளிவரப் பிடிக்க இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு இது கூடுதல் வேலைதான், அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் சேமிப்புக் குழுவில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரே கிழமையில் செய்யச் சொல்கிறேன். நாய்கள் வேலி பார்த்துப் பழகுவதில்லை.

தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய்க்குப் பூசுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கழிவு ஒயிலும் மண்ணெண்ணெயும் அப்படியே. நாய் நக்கும், அதே நாயைப் பிள்ளை கட்டிப்பிடிக்கும். மிளகாய்த் தோட்டத்து மருந்தைத் தேய்த்து ஒரே இரவில் நாயைச் சாகக் கொடுத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்த நாய்தான் அவருடைய இரவுக் காவல். முதுகில் விடும் மருந்தும் மாத்திரையும் அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டு, நாயின் நிறைக்கேற்பப் பாவியுங்கள். நாய்க்கென்று விற்கும் சில மருந்துகள் பூனைக்கு நஞ்சு. விசர்நாய்த் தடுப்பூசிக்காக வரும் நாளிலேயே தெள்ளைப் பற்றியும் கேட்டுவிடலாம்.

வாழ்வாதார உதவியாக ஆடு பெற்றவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நாயும் ஆடும் ஒரே கொட்டிலில் படுத்தால் தெள்ளு ஆட்டிலும் ஏறும். குட்டிகள் இரத்தம் குறைந்து, முரசும் கண்ணின் உட்புறமும் வெளிறி, பால் குடிக்கவும் பெலனில்லாமல் விழுந்துவிடும். பூச்சிமருந்து கொடுத்தும் தேறாத குட்டியின் வயிற்றடி மயிரை விலக்கிப் பாருங்கள். கொட்டிலின் அடியில் சேரும் புழுக்கையும் பழைய வைக்கோலும் மாரிக்கு முன் அள்ளப்பட வேண்டும். பல்லேகமவில் நாங்கள் பார்த்த கொட்டில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், கீழே காற்றும் வெயிலும் போகும்படி கட்டப்பட்டிருந்தது.

மழை இப்போது பழைய ஒழுங்கில் வருவதில்லை என்பதும் கணக்கில் இருக்கட்டும். 2025 கார்த்திகை இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மாத்தளை உட்பட மலைநாடு முழுவதும் மண்சரிவும் வெள்ளமும். பாதுகாப்பு நிலையங்களில் கிழமைக்கணக்கில் தங்கிவிட்டு ஈரமான வீடுகளுக்குத் திரும்பினார்கள். வெள்ளம் வடிந்த வீட்டில் முதலில் கதவு யன்னலைத் திறந்து காற்றோட விட்டு, பெரியவர் ஒருவர் காலை மூடி உடுத்துக்கொண்டு உள்ளே போய், நன்றாக மிதித்து நடந்து கூட்டிவிட்டு, சில நாள் கழித்துப் பிள்ளைகளின் பாயை விரிப்பது நல்லது. காத்திருக்கும் கூடுகள் அந்த நடையிலேயே திறந்துவிடும்.

வன்னியிலும் பல்லேகமவிலும் புரட்டாதிக் கடைசியில் முதல் மழை இறங்கலாம். அதற்கு முன், ஆவணிச் சோளகம் வீசும் ஒரு மத்தியான வேளையில், உங்கள் நாய் எங்கே படுத்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். மண்வெட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.